பருப்பு வாங்கப் போய் பாயிண்ட் திருடனான கதை

ஒரு கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு பினாயில். இதற்கு முக்கால் மணி நேரம். திருவான்மியூரில், வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, புதுசாக வந்திருக்கும் டிபார்ட்மென்டல் ஸ்டோரில். பெயர் வேண்டாம். ஏ.சி. மட்டும் நியூஜெர்சி ஜனவரியைத் தோற்கடிக்கும்.

பில் போடும் பெண் தலை நிமிராமல், "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்" என்றார்.

"வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க."

"நம்பர் போடலேன்னா அடுத்த ஸ்கிரீனுக்கே போகாது சார்."

நியூஜெர்சியில் நான் இருக்கும் எடிசன் ஊர் நம்பரைச் சொன்னேன். அங்கேதான் வினை. எங்கள் ஏரியா கோடு 732. அதையும் சேர்த்தால் பத்து இலக்கம், ஏழில் ஆரம்பம். கம்ப்யூட்டருக்கு அது அசல் இந்திய மொபைல். யாரோ ஒரு புண்ணியவானின் கணக்கு திறந்துகொண்டது. "212 பாயிண்ட் இருக்கே சார், கழிச்சுக்கவா? ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க." எந்த ஊரில் யார் போன் அலறியதோ! என் நம்பர் இல்லை என்றேன். "நீங்கதானே சார் சொன்னீங்க?" பின்னால் வரிசை நீண்டது. மேனேஜர் வந்தார். நான் திருடன் மாதிரி நின்றேன். எடிசனிலும் கடையின் பாயிண்ட் கார்டு கேட்பார்கள்தான். இல்லையென்றால் கேஷியரே ஒரு கார்டை எடுத்துத் தேய்த்துவிட்டு ஆளை அனுப்பிவிடுவார்.

கடைசியில் பின்னாலிருந்த மாமி, "என் நம்பரைப் போடும்மா, பாயிண்ட் எனக்கே வரட்டும்" என்று காப்பாற்றினார்.

வழியெல்லாம் பழைய சுபிக்ஷா மளிகைக் கடை ஞாபகம். 1997-ல் இதே திருவான்மியூரில்தான் முதல் கடை. ஏ.சி. கிடையாது, மினுக்கு கிடையாது, சின்ன இடம். வாடகையில் பிடித்த மிச்சத்தை விலையில் குறைத்தார்கள். மருந்துக்கு எம்.ஆர்.பி.யில் பத்து சதவீதம் தள்ளுபடி. அப்பாவின் சர்க்கரை மாத்திரை முழுக்க அங்கேதான். நீ யார், உன் நம்பர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் முதன்முதலாக ஆல்டி என்ற மலிவு விலை மளிகைக் கடைக்குள் நுழைந்தபோது, 'அட, நம்ம சுபிக்ஷா!' என்றுதான் தோன்றியது.

ஆனால் அவர்களுக்கு அவசரம். டெல்லி, மும்பை, குஜராத் என்று ஓடி, மொபைல் போனும் விற்று, 2008-ல் சுமார் 1,600 கடை. பெரும்பாலும் கடன் வாங்கிய காசு. உலகச் சந்தை சரிந்து புதுப் பணம் வராமல் போனதும் சப்ளையர்கள் சரக்கை நிறுத்தினார்கள், சம்பளம் நின்றது, காவலுக்கு ஆளில்லாத கடைகளில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். 2009 பிப்ரவரியில் நான் ஊருக்கு வந்தபோது எங்கள் கடை ஷட்டரில் வேறு ஏதோ போஸ்டர். நிறுவனருக்கு 2023-ல், வேறொரு டெபாசிட் வழக்கில், 20 ஆண்டு சிறை. அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

இத்தனையும் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா பருப்பைக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுபிக்ஷாவா? கடைசி ஆறு மாசம் ரேக்குல ஊதுபத்தி மட்டும்தாண்டா இருந்தது. நீ என் நம்பரைச் சொல்லியிருக்கலாமே, 600 பாயிண்ட் இருக்கு."