கூத்து பார்க்கப் போகும் சட்டைப்பைக் கேமரா

அதே மேடை, அதே விளக்கு, ஐஎஸ்ஓவும் (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்கிற எண்) அதே 1600. சோனி ஆர்எக்ஸ்100 கேமராவில் ஜூம் போடாமல் எடுத்தபோது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/320 நொடி கிடைத்தது. முழு ஜூமுக்குப் போனதும் 1/40க்கு இறங்கிவிட்டது. முதல் படத்தில் துரியோதனன் ஒரு காலைத் தூக்கியபடி காற்றில் நிற்கிறான். இரண்டாவதில் கிரீடம் ஓரளவு தெரிகிறது, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சிவப்புப் புகை. செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய கூத்து பார்த்த இரவில்தான் இது எனக்கு உறைத்தது. அதற்குள் மணி இரண்டு. நல்ல கட்டங்கள் பாதி போயிருந்தன.

இருட்டில் எடுக்க, கைக்கு அடக்கமாக, விலை கட்டுப்படியாகிற கேமரா எது என்று கேட்டால் பலரும் மெகாபிக்சலையும் ஐஎஸ்ஓ எத்தனை வரை போகிறது என்பதையும்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: நீங்கள் உண்மையில் நிற்கப்போகிற தூரத்தில் லென்ஸ் எவ்வளவு திறக்கிறது, அதன் பின்னால் வெளிச்சத்தை வாங்கும் சில்லான சென்சார் எவ்வளவு பெரிது. லென்ஸ் திறப்பைச் சொல்வது எஃப் எண், எண் சிறிதானால் திறப்பு பெரிது. பெட்டியின்மேல் எஃப் 1.8 என்று பெரிதாகப் போட்டிருப்பது ஜூம் தொடங்கும் இடத்துக்கான கணக்கு. ஜூம் முடியும் இடத்து எண்ணைப் பொடி எழுத்தில் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

புதிதாகக் கடைக்கு வரும் மலிவுக் கேமராக்களை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. ‘48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்று இணையக் கடைகளில் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான ஜூமே கிடையாது, சென்சாரும் கடுகு. பகலில் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். இரவுக்கு என்றால் பத்து வருடத்துக்கு மேல் பழைய, அந்தக் காலத்தில் நல்ல விலைக்கு விற்ற செகண்ட் ஹேண்ட் கேமராதான் வழி. என் பட்டியலில் கடைசிவரை நின்றவை மூன்று. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, அதே வருடத்து பானசோனிக் எல்எக்ஸ்7, 2013இல் வந்த ரிக்கோ ஜிஆர். வந்த புதிதில் அமெரிக்காவில் இவற்றின் விலை முறையே 650, 500, 800 டாலர். இன்றைய பழைய விலை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் மூன்றில் எல்எக்ஸ்7தான் பெரும்பாலும் மலிவாகப் படிகிறது.

முதலில் சோனி. எடை 240 கிராம், சட்டைப்பையில் அடங்கும். ‘ஒரு அங்குலம்’ என்று பெயர் வைத்த சென்சார், அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், பரப்பு 116 சதுர மில்லிமீட்டர். (இந்தத் துறையில் அங்குலம் என்றால் அங்குலம் இல்லை, அதை விடுங்கள்.) அன்றைய சாதாரணக் கையடக்கக் கேமராக்களில் இருந்தது சுமார் 28 சதுர மில்லிமீட்டர். அதனால்தான் இது வந்தபோது அவ்வளவு பரபரப்பு. லென்ஸ் 28 முதல் 100 மி.மீ. வரை (இந்த எண் ஏற ஏற ஜூம் கூடுகிறது என்று அர்த்தம்). 28இல் எஃப் 1.8, 100இல் எஃப் 4.9. இந்த எண்கள் வர்க்கத்தில் வேலை செய்யும். 4.9ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. அதாவது முழு ஜூமில் ஏழில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. என் 1/320 ஏன் 1/40 ஆனது என்பதற்கு இதுதான் விடை. இறக்கமும் மெதுவாக வருவதில்லை. 50 மி.மீ. போவதற்குள்ளேயே 2.8ஐத் தாண்டிவிடுகிறது.

எல்எக்ஸ்7 இதற்கு நேர் எதிரான பிறவி. சென்சார் சிறியது, படத்துக்குப் பயன்படும் பரப்பு சுமார் 35 சதுர மில்லிமீட்டர். படத்தின் ரெசல்யூஷனும் 10 மெகாபிக்சல்தான். ஆனால் லென்ஸைப் பாருங்கள்: 24 மி.மீ.இல் எஃப் 1.4, 90 மி.மீ.இல் எஃப் 2.3. ஜூம் முடியும் இடத்திலும் 2.3! இவ்வளவு சின்ன உடம்பில் இப்படி ஒரு லென்ஸ் வைத்தவர்கள் அதிகம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் சுவாரசியமான ஒன்று தெரியும். ஜூம் இல்லாமல் எடுத்தால், லென்ஸ் திறப்பையும் சென்சார் பரப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கையில், சோனிக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழு ஜூமில் கணக்கு தலைகீழ். சோனியின் சென்சார் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தும், லென்ஸ் சுருங்கிவிடுவதால் எல்எக்ஸ்7 அதைத் தொட்டு, கொஞ்சம் முந்தியும் விடுகிறது. என் மேடையில், அதே ஐஎஸ்ஓ 1600இல், எல்எக்ஸ்7இன் முழு ஜூமுக்குக் கணக்குப்படி 1/200 நொடி கிடைத்திருக்கும். இருட்டுப் படத்தில் மணல் தூவினதுபோல் விழும் புள்ளி கூடுதலாக இருக்கும், உண்மைதான். ஆனால் புள்ளி விழுந்த முகத்தைச் சகித்துக்கொள்ளலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. சோனியில் அந்தத் தூரத்திலிருந்து 1/250 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400ஐயும் தாண்ட வேண்டும், அதன் எல்லையே அதுதான்.

அப்படியானால் முன் வரிசையில் பாயைப் போட்டு உட்காருகிறவருக்குச் சோனி, ஊர்ப் பெரியவர்களுக்குப் பின்னால் நாற்காலி கிடைக்கிறவருக்கு எல்எக்ஸ்7. விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையாகவே முடிவு இவ்வளவுதான்.

ஆனால் கையில் வைத்துப் பழகினால் வேறு சில விஷயங்களும் வரும். எல்எக்ஸ்7இன் லென்ஸைச் சுற்றி எஃப் எண் வளையம் உண்டு, இருட்டிலும் விரலால் எண்ணி மாற்றலாம். மூடி மட்டும் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை, ஒரு கயிற்றில் தொங்கும். அவசரத்தில் மூடியோடு ஆன் செய்து, திரையில் திட்டு வாங்குவது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். சோனியில் மூடி தானாகத் திறக்கிறது. அதைவிடப் பெரிய சாதகம் பேட்டரி. என்பி-பிஎக்ஸ்1 என்கிற அதே பேட்டரியைத்தான் பின்னால் வந்த ஆர்எக்ஸ்100 மாடல்களுக்கும் சோனி வைத்தது, அதனால் இன்றும் சிரமமில்லாமல் கிடைக்கிறது. போன் பவர்பேங்க்கில் மைக்ரோ யூஎஸ்பி கம்பி போட்டே சார்ஜ் ஏற்றலாம். விடிய விடிய உட்காரும் ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரிக்கோ ஜிஆர் மீது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பெரிய கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார், பரப்பு 370 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வரும். எடை 245 கிராம், சோனியைவிட ஐந்து கிராம் அதிகம், அவ்வளவுதான். இருட்டுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் லென்ஸ் எஃப் 2.8, ஜூம் கிடையாது, 28 மி.மீ. மட்டும். அதே கணக்கை இங்கும் போட்டால் சோனியின் ஜூமில்லா நிலையைவிட ஜிஆருக்குக் கிடைப்பது ஒன்றே கால் மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கைநடுக்கம் தாங்கும் வசதியும் இதில் இல்லை. அது 2019இல் வந்த ஜிஆர் 3இல்தான் சேர்ந்தது. ஆகவே அசையாத பொருளை, கோயில் மண்டபத்தையோ மழைக்குப் பிந்தைய தெருவையோ, கையில் பிடித்தே எடுக்கும்போது சோனி 1/10 நொடியில் சமாளிக்கிற இடத்தில் ஜிஆர் தடுமாறும். ஒளி குறைந்த இடத்தில் குவியம் (ஃபோகஸ்) பிடிக்கவும் தேடும். படத்தின் கூர்மை என்னவோ மூன்றிலும் இதில்தான் அழகு, அதை மறுக்க முடியாது. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்கள் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று புரிகிறது. என் வேலைக்கு ஒத்துவரவில்லை.

நாலாவது போட்டியாளர் உங்கள் பையிலேயே இருக்கிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், கார்த்திகைக்கு வாசலில் ஏற்றிய அகல் வரிசையை எடுக்க இந்தக் கேமரா எதுவும் வேண்டாம். இப்போதைய நல்ல போன் பல படங்களைச் சடசடவென்று எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, புள்ளியைக் கழித்துவிடுகிறது. அசையாத காட்சியில் என் சோனியைவிடப் போன் படம் சுத்தமாக இருந்ததைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். ஆனால் அடுக்குவதற்குக் காட்சி அசையாமல் இருக்க வேண்டும். வேடக்காரர் சுழன்றாட ஆரம்பித்ததும் போனின் இரவு முறை இரண்டு மூன்று கைகளைப் பூசி வைக்கும், இல்லையென்றால் முகத்தை மெழுகாக்கும். ஆடுகிற ஆளை எடுக்கத்தான் வெளிச்சத்தை ஒரே சொடுக்கில் வாங்கும் கேமரா தேவைப்படுகிறது.

கேனன் எஸ்120 பற்றிப் பலர் சொல்வார்கள். நல்ல கேமரா, ஆனால் 120 மி.மீ.இல் எஃப் 5.7, சோனியின் நோய் சின்ன சென்சாரோடு. வேண்டாம். கேனன் ஜி7 எக்ஸ் வேறு கதை. 2014இல் வந்தது, ஒரு அங்குல சென்சார், 24இலிருந்து 100 வரை எஃப் 1.8க்கும் 2.8க்கும் இடையிலேயே நிற்கும் லென்ஸ். முழு ஜூமில் என் சோனியைவிட மூன்று மடங்கு வெளிச்சம். மேலே சொன்ன முன்வரிசை, பின்வரிசைத் தகராறையே தீர்த்துவிடும். பிரச்சினை விலை. ஜி7 எக்ஸ் வரிசைக்கு இளவட்டங்களிடம் திடீரென்று மவுசு வந்து, பழையதற்கும் விலை ஏறிக் கிடக்கிறது. நியாயமான விலையில் அகப்பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். சட்டைப்பை வேண்டாம், தோள்பை போதும் என்பவர்களுக்கு அதே 2014இன் பானசோனிக் எல்எக்ஸ்100 இருக்கிறது. 393 கிராம், இன்னும் பெரிய சென்சார், 24 முதல் 75 வரை எஃப் 1.7 - 2.8. இருட்டில் இங்கே சொன்ன எல்லாவற்றையும் முந்தும். ஆனால் அதைக் கையில் எடுத்தாலே ‘போட்டோகாரர் வந்துவிட்டார்’ என்று ஊர் திரும்பிப் பார்க்கும்.

எதை வாங்கினாலும் முதல் வேலை, குவியத்துக்கு உதவ முன்பக்கம் எரியும் சின்ன விளக்கை அணைப்பது. வேடக்காரர் கண்ணில் அடித்தால் அடி தவறும். ஃபிளாஷ் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கிரீடத்திலும் புஜத்திலும் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் அத்தனையும் வெள்ளைப் பொட்டாகிவிடும், மேடை விளக்கின் மஞ்சள் செத்துப்போகும். அந்தக் கண்ணாடித் துண்டுகள்தான் குவியம் பிடிக்க உங்கள் நண்பன், கேமராவைக் கிரீடத்தின்மேல் காட்டிப் பாதி அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். வீடியோவில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள்.

பழையதாக வாங்குவதில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். இணையத்தில் பார்த்து அனுப்பச் சொன்ன முதல் கேமரா, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் லென்ஸை வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. உள்ளே மணல். விற்றவர் போனை எடுக்கவில்லை. இரண்டாவதை நேரில் போய்ப் பார்த்து வாங்கினேன். பத்து முறை ஆன், ஆஃப் செய்து லென்ஸ் போய்வரும் சத்தத்தைக் கேட்டேன், கரகரப்பு இருந்தால் திரும்பி நடந்துவிடலாம். போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பூஞ்சை தேடினேன். கடலோர ஊரில் பீரோவுக்குள் கிடந்த கேமரா என்றால் இதை விடவே கூடாது. எஃப் 11க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன், சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் வட்டமாகத் தெரியும். இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊத முடியாது, முழுதாகப் பிரிக்க வேண்டும். ஜிஆர் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள், தூசி அதன் பிறவிக் குறை. கடைசியாக உள்ளங்கையால் லென்ஸை மூடி ஐஎஸ்ஓ 3200இல் எட்டு நொடி. கரிய படத்தில் சிவப்பும் நீலமுமாக நட்சத்திரம் பூத்தால் அந்த சென்சார் களைத்துவிட்டது.

அப்படிப் பார்த்து வாங்கிய ஆர்எக்ஸ்100தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஜூம் நெம்புகோலைத் தெரியாமல் விரல் தொடாதபடி அதன்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். ஐஎஸ்ஓ 1600, ரா கோப்பு (சென்சார் வாங்கியதை அப்படியே வைக்கும் கோப்பு), எஃப் 1.8, அவ்வளவுதான். மிருதங்கக்காரருக்கு இடப்பக்கம், மேடையிலிருந்து ஆறடியில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். ஒன்பது மணிக்கே போனால் கிடைக்கும்.