11 பொன்னாடையும் கொஞ்சம் கல்யாணியும்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குப் போனோம். டிக்கெட் 60 வெள்ளி (ரிங்கிட்). பாடியவர் சென்னையிலிருந்து வந்த வித்வான், பக்கவாத்தியம் உள்ளூர்ப் பிள்ளைகள். அழைப்பிதழில் 6.30 என்று போட்டிருந்ததை நம்பி, அத்தை 5.45-க்கே என்னைக் கிளப்பிவிட்டார். அத்தைக்கு 79 வயது. சின்ன வயசில் எனக்கு வயலின் வாத்தியார் பிடித்துத் தந்தவர் அவர்தான். நாலு வருடத்தில் நான் வயலினைப் பெட்டியில் போட்டுப் பூட்டியபோது ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசாதவரும் அவர்தான். இங்கே எழுதுவதில் பாதி என் கேள்வி ஞானம், மீதி அத்தை என் காதில் சொன்னது.

திரை விலகும்போது மணி 7.20. அதற்குள் ஏர்கான் குளிரில் அத்தை ஸ்வெட்டருக்கு மேல் என் துப்பட்டாவையும் வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

முதல் பாட்டான வர்ணம் தொடங்கி, தாளத்தின் இரண்டாவது சுற்றிலேயே வித்வானின் இடது கை மேலே போனது. சங்கதியில் லயித்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, மைக் செட்காரருக்குச் சைகை: என் குரலை ஏத்து. அடுத்த பாட்டில் வயலினை இறக்கச் சொல்லிச் சைகை. அதற்கடுத்த பாட்டில் மறுபடி என் குரலை ஏத்து. மூன்று பாட்டு முடிவதற்குள் ஸ்பீக்கர் இரண்டு தடவை 'கீ' என்று கத்தியது. எந்த ராகம் என்றாலும் அது மட்டும் சுருதி பிசகவில்லை. சைகை இல்லாத நேரத்தில் கை சும்மா இருந்ததா? மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, திரும்பவும் மேலே. மாமாக் உணவுக் கடையில் தே தாரிக் என்ற இழுவை டீ ஆற்றுகிறவர் தோற்றார், நுரை ஒன்றுதான் குறை.

பிறகு கல்யாணி ராக ஆலாபனை. கல்யாணிக்கும் சங்கராபரண ராகத்துக்கும் மத்திமம், அதாவது 'ம' ஸ்வரம், ஒன்றில்தான் வித்தியாசம். தாய் ராக வரிசையில் இது 65-வது மேளம், அது 29-வது. மத்திமம் கொஞ்சம் இறங்கினால் போதும், வேறு வீட்டுக்குள் நிற்போம். வித்வான் மேல் ஸ்தாயியில் எல்லாம் தூள் கிளப்பினார். கீழே வரும்போதெல்லாம் மத்திமம் களைத்துச் சறுக்கியது. மூன்றாவது தடவை அத்தை என் பக்கம் சாய்ந்து, "என்னாம்மா, வீடு மாறிப் போயிட்டாரா?" என்றார். அவர் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. ஒருவர் தலையாட்டினார்.

அடுத்து வயலின். அந்தப் பையனுக்கு 25 வயதுகூட இருக்காது. வித்வான் 15 நிமிடம் தேடியதை அவன் நாலே நிமிடத்தில் எடுத்து முன்னால் வைத்தான். அந்த மத்திமத்தில் ஒரு முறை வந்து நின்றான், அலட்டாமல், வில்லை இழுத்து. அத்தை துப்பட்டாவை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வித்வான் 'பலே' சொன்னார். மைக் செட்காரர் அந்த நேரம் பார்த்து வயலினை இறக்கினார். பழைய உத்தரவு இப்போதுதான் போய்ச் சேர்ந்ததுபோல.

கீர்த்தனை, தியாகராஜரின் தெலுங்குப் பாட்டு 'நிதி சால சுகமா'. செல்வம் சுகமா, ராமன் சந்நிதியில் இருப்பது சுகமா என்று மனசிடம் கேட்கிற பாட்டு. தாளம் மிஸ்ர சாபு, அதாவது சுற்றுக்கு 7 எண்ணிக்கை. என் பின் வரிசைப் பெரியவர் 8-ஆகத் தட்டிக்கொண்டிருந்தார். 56 எண்ணிக்கைக்கு ஒரு தடவை நாங்கள் இருவரும் சந்தித்துக்கொண்டோம், மற்ற நேரமெல்லாம் தனித்தனிக் குடித்தனம்.

நிரவலுக்கு, அதாவது ஒரே வரியை விதவிதமாகப் பாடிக் காட்டுவதற்கு, வித்வான் எடுத்த வரி, 'மமதா பந்தன யுத நர ஸ்துதி சுகமா'. பாசபந்தத்தில் கிடக்கும் மனிதரைப் புகழ்வது சுகமா என்று கேள்வி. இதை மட்டும் நன்றாகவே பாடினார், பொய் சொல்லக்கூடாது. பத்து நிமிடம் அந்த 'நர ஸ்துதி சுகமா'வை இழைத்து இழைத்துக் கேட்டார். ஸ்வரம் முடித்து, தனிக்கு, அதாவது மிருதங்கம் மட்டும் வாசிக்கிற பகுதிக்கு, மிருதங்கத்தைப் பார்த்துக் கை காட்டினார். மிருதங்கக்காரர் கையை ஓங்கினார்.

அறிவிப்பாளர் மைக்கோடு மேடையேறிவிட்டார். சிறப்பு விருந்தினர் 'டத்தோ' பட்டம் பெற்ற பிரமுகர், அவருக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறதாம், இப்போதே மரியாதை செய்தாக வேண்டுமாம்.

22 நிமிடம் நர ஸ்துதி. டத்தோ வள்ளல், டத்தோ கலைக்காவலர், டத்தோ இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் மின்விசிறிகூடச் சுற்றாது. பொன்னாடைகளை எண்ணினேன், 11. எட்டாவது மைக் செட்காரருக்கு. அந்தக் காலப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி வரிசையில் வர்ணம் இருக்கிறது, கீர்த்தனைகள் இருக்கின்றன, தனி, கடைசியில் சின்னச் சின்னத் துக்கடா எல்லாம் இருக்கின்றன. பொன்னாடைக்கு எங்கே இடம் விட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வித்வான் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கேட்ட கேள்விக்கு இப்படி மேடையிலேயே பதில் வரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

டத்தோ கிளம்பினார், அவரோடு முதல் இரண்டு வரிசையும் கிளம்பியது. ஏர்கான் காற்றில் சும்மா கிடந்த மிருதங்கம் சுருதி விலகியிருந்தது. பாவம், கல்லை எடுத்துத் தட்டித் தட்டிச் சேர்த்தார். சேர்த்து முடித்ததும், 'நேரமின்மை காரணமாக' தனி நாலு நிமிடம்தான் என்று கீழேயிருந்து விரல் காட்டினார்கள்.

தமிழ்ப் பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது, மூன்று துக்கடாவாக, எட்டு நிமிடத்தில். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு 1943-லேயே சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியாயிற்று. நம் ஊர் அழைப்பிதழிலும் 'தமிழிசை மாலை' என்று தங்க எழுத்தில்தான் இருந்தது. மாலை 9.50-க்கு வந்து சேர்ந்தது. மங்களத்தின்போது பாதிப் பேர் கார் பார்க்கில்.

வெளியே வடை நன்றாக இருந்தது, சூடு, இரண்டு வெள்ளி.

ஒட்டுக்கடையில் தே குடிக்க உட்கார்ந்ததும் கணக்குப் பார்த்தேன். 60 வெள்ளியில் வயலினுக்கு 40, நிரவலுக்கு 10, மிருதங்கக்காரர் தட்டிய கல்லுக்கு 5. மீதி ஐந்தை யாரிடம் கேட்பது என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை தேயை ஆற்றிக்கொண்டே, "அத விடும்மா. அந்தப் பையன் எங்கயாச்சும் தனியா வாசிக்கிறானான்னு விசாரி. பொன்னாடை போடாத இடமா பாரு" என்றார்.