பழைய கார்டன் டிராக்டருக்கு மாற்று இன்ஜின் மவுண்ட் செட்: எதை வாங்கலாம்?

1970களில் வந்த கப் கேடட் 1250, 1450, 1650 வண்டிகளில் ஒற்றை சிலிண்டர் கோஹ்லர் இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ரப்பர் நசுங்கினால் இன்ஜின் கீழே இறங்கும், பின்னால் ஹைட்ரோ பம்புக்கு (ஆயில் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் பம்பு) போகும் டிரைவ் ஷாஃப்ட் கோணலாகச் சுற்றும். ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் அடிக்கடி கிழிகிறது என்று கப்ளிங்கையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் மவுண்டைப் பார்க்க வேண்டும்.

மாற்று செட்டில் ரப்பர், பாலியூரித்தேன் (ஒரு வகை கடின பிளாஸ்டிக்) என்று இரண்டு ரகம் உண்டு. பாலியூரித்தேன் ரகத்தை ஆயில் ஒன்றும் செய்யாது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒற்றை சிலிண்டருக்கு அது ரொம்ப விறைப்பு. ஐடிலில் ஸ்டீயரிங்கும் ஹூடும் கடகடவென்று ஆடும். என் ஓட்டு ரப்பருக்குத்தான். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 60 வரை இருந்தால் சரி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நடுவில் போல்ட் நுழையும் இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ். அது ரப்பரைவிடச் சற்றே குட்டையாக இருக்கலாம். நட்டை இறுக்கும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கி, வாஷர் ஸ்லீவில் முட்டி நின்றுவிட வேண்டும். மலிவு செட்களில் கோட்டை விடுவது இங்கேதான்: ஸ்லீவ் அளவுக்கு மேல் குட்டை, சிலதில் ஸ்லீவே கிடையாது. நட் இறுக இறுக ரப்பர் ஓரம் பிதுங்கும், சீக்கிரமே வெடிக்கும். பழைய ஸ்லீவைத் துடைத்து வெர்னியரில் அளந்து, புதியதோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் வேலை. புதியது உயரமாக நிற்கும், பழையவை அமுங்கியிருக்கும், இன்ஜின் சாயும். செட்டாகவே மாற்றுங்கள். ஆயில் கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும்.

வேலை சிக்கலானதல்ல. பேட்டரி நெகட்டிவ், பிளக் வயர், பெட்ரோல் குழாய், த்ராட்டில் கேபிள், சைலன்சர், கப்ளிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே இன்ஜினைத் தூக்க வேண்டும். ஆயில் பேனின் நடுவில் ஜாக்கி கொடுக்காதீர்கள். அகலமான மரக்கட்டை வைத்து ஓரங்களில் பாரம் விழும்படி தூக்குங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். எல்லா போல்ட்டையும் கையால் நுழைத்து, இன்ஜின் பாரம் முழுதும் மவுண்டில் இறங்கிய பிறகு இறுக்குங்கள். இறுக்க அளவுக்கு வண்டியின் மேனுவல்தான் கணக்கு. ஐந்து மணி நேரம் ஓடியதும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

செட்டோடு வராத, பலரும் மறக்கும் ஒன்று எர்த் பட்டை. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடிமனான பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் த்ராட்டில் கேபிள் வழியே திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சுட்டால் காரணம் அதுதான்.