6 வருஷம், 23 தலையணை உறை

பூத்தையல் போட முதல் உறையில் ஊசி குத்தியது 2019 ஜூனில், மழை பிடித்த வாரம். இன்றைய கணக்குக்கு 23 ஆகியிருக்கிறது. வீட்டில் 9 புழக்கத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கும் புது வீட்டுப் பால்காய்ப்புக்கும் 11 கொடுத்தாயிற்று. மீதி 3 அடுப்படியில் கைப்பிடித் துணியாகிவிட்டது. அந்த மூன்றில்தான் நான் அதிகம் படித்தேன்.

ஆரம்பித்து வைத்தது அம்மையின் பெட்டி. 1978இல் அவள் கல்யாணத்துக்குப் போட்ட ஒரு ஜோடி உறை அதில் கிடந்தது. எதிரெதிராக இரண்டு கிளி, நடுவில் ஆங்கிலத்தில் ‘குட் நைட்’. அந்தக் காலத்துத் தலையணை எல்லாவற்றிலும் இந்த வாசகம்தான். வீட்டில் ஒருத்தரும் ஒருத்தருக்கும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. நூல் நேற்றுப் போட்டதுபோல் மின்னியது, துணிதான் மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போயிருந்தது. “இதுல ஒருநாளாவது படுத்தியாம்மா?” என்று கேட்டேன். “கொள்ளாமே! அழுக்காவாதா?” என்றாள். நான் போடுவது தலை வைத்துப் படுக்கத்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதனால் கீழே சொல்வதெல்லாம் தலைக்கடியில் கிடந்து, துவைத்து, வெயிலில் காய்ந்து நின்றது எது என்பதைப் பற்றித்தான். அழகுக்குச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கு இது உதவாது.

முதல் உறையில் நட்டநடுவில் ரோஜாக் கொத்து போட்டேன். இதழ் முழுக்க நூலை நெருக்கி நிரப்பும் சாட்டின் தையல், நடுவில் பிரெஞ்ச் நாட் என்கிற முடிச்சு இருபது. மகன் ஒரு ராத்திரி படுத்து எழுந்தான், கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் வரிசையாகக் குழி. ஒரு மாதத்தில் தேங்காய் எண்ணெய் வேறு ஏறி ரோஜா பழுப்பாகிவிட்டது. நம் ஊரில் எண்ணெய் வைக்காத தலை எங்கே இருக்கிறது? அடுத்த உறையிலிருந்து நடுவை விட்டுவிட்டேன். 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு 18க்கு 28 உறை. அதன் வாய்ப்பக்கம் நாலு அங்குலப் பட்டையில் மட்டும்தான் வேலை. தலை அதுவரை போகாது, ஆனால் கட்டிலை விரித்துப் போட்டால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

துணிக்கு வெள்ளைப் பாப்ளின் போதும். பாலியஸ்டர் கலந்தது வாங்கி ஒருமுறை நொந்தேன், ஊசி போகும் இடமெல்லாம் சுருக்கம். பருத்தியானாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, பூவெல்லாம் உப்பி நிற்கும். இன்னொன்று, தைத்து முடித்த உறையில் பூ போடாதீர்கள். நான் இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தி, உறையின் வாயை மூடியே வைத்திருக்கிறேன். விரித்த துணியில் பூவை முடித்துவிட்டுத் தையற்காரரிடம் கொடுக்கலாம். ஆனால் ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். ஒருத்தர் என் கொடியின் கடைசி மூன்று இலையைத் தையலுக்குள் மடித்து அடித்துவிட்டார். கேட்டதற்கு “இலை நெறைய இருந்துல்லா” என்றார்.

நூல் ஆங்கர் கம்பெனியுடையதுதான். ஒரு கண்டு 8 மீட்டர், 6 இழை. கோட்டுக்கு 2 இழை, நிரப்ப 3. இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து மறுபடி சேர்த்தால் தையல் படிந்து உட்காரும். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டினால் பாதியிலேயே பஞ்சு பிரியும். ஒருமுறை பேரில்லாத சிவப்பு நூல் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். முதல் அலசலில் வெள்ளைத் துணி முழுக்க ரோஸ் ஆகிவிட்டது, அடுப்படிக்குப் போன மூன்றில் அது ஒன்று. இப்போது புது நிறம் எதுவானாலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோர்ப்பது.

ஊசி எண் ஏற ஏற மெலியும். 3 இழைக்கு 7ஆம் எண், 2 இழைக்கு 9. நம் கடற்காற்றில் ஊசிதான் துணிக்கு முதல் எதிரி. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையப் பிரேமோடு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போய்வந்தேன். திரும்பிவந்து பார்த்தால் இதழ் ஓரத்தில் காப்பிப்பொடி நிறத்தில் துருப் புள்ளி. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டதில் முக்கால்வாசி போனது. மிச்சத்தின் மேல் ஒரு பொன்வண்டைத் தைத்து உட்கார வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த வண்டைத்தான் மெச்சினார்கள். பிரேமையும் ராத்திரி கழற்றிவிட வேண்டும், வளையத் தடம் விழுந்தால் இஸ்திரிக்கும் அடங்காது.

படம் வரைய மஞ்சள் கார்பன் தாள் வைத்திருந்தேன். பிறகு இஸ்திரி போட்டால் மறைகிற பேனா வந்தது, அதற்கு மாறினேன். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு ஜோடி கொடுத்தனுப்பினேன். பனிக்காலத்தில் ஒரு ராத்திரி பையைக் காரிலேயே விட்டிருக்கிறாள். காலையில் எடுத்தால் நான் வரைந்த கோடெல்லாம், தப்பாகப் போட்டு மாற்றியது உட்பட, பளிச்சென்று திரும்பி வந்திருக்கிறது. சூட்டில் மறையும் மை கடும் குளிரில் மீளுமாம். நாகர்கோவில் பக்கத்துத் திங்கள்சந்தையில் இருந்துகொண்டு அது எனக்கு எப்படித் தெரியும்?

எந்தத் தையல் நிற்கும் என்றால், காம்புத் தையலும் சங்கிலித் தையலும்தான். நூறு முறை துவைத்தாலும் அசையாது. சாட்டின் தையல் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் கம்மலும் கொண்டை ஊசியும் மாட்டி இழுக்கும். லேசி டெய்சி என்கிற வளைய இதழ்த் தையல் பார்க்க நன்றாக இருக்கும், வளையம்தான் சீக்கிரம் கிளம்பிவிடும்.

நான் திரும்பத் திரும்பப் போடுவது பிச்சிப்பூ. தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பூவை மேசையில் வைத்துப் பார்த்துத்தான் அதைக் கற்றேன். பிச்சி மொட்டு வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை விளக்கடியில் உருட்டிப் பார்த்தபோது முதுகில் மட்டும் இளஞ்சிவப்பு ஓடுவது தெரிந்தது. அதனால் வெள்ளையில் இரண்டு குத்து, ஓரத்தில் ஒற்றை இழை ரோஸ் ஒரு குத்து. தள்ளி நின்று பார்த்தால் ரோஸ் தெரியாது, மொட்டு உருண்டு நிற்கும். அதை விட்டால் மொட்டு அரிசிமணி மாதிரி சப்பென்று கிடக்கும்.

நாகர்கோவில் என்றதும் லேஸைப் பற்றிக் கேட்கிறார்கள். 1819இல் இங்கே வந்த மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது அது. அடிமையாக இருந்த பெண்கள் லேஸ் பின்னிய காசில் தங்களை மீட்டுக்கொண்டதும் உண்டு. ‘பில்லோ லேஸ்’ என்று சொல்வதால் அது தலையணைக்கானது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். திண்டுபோன்ற ஒன்றின் மேல் ஊசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவதால் அந்தப் பேர். அதற்கு வேண்டிய பொறுமை எனக்கு வராது.

துவைப்பதற்கு வருவோம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி அரைமணி நேரம் வைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கையால் அலசவேண்டும். தடித்த துண்டை விரித்து, பூவைக் கீழே பார்க்கப் போட்டு, பின்பக்கம்தான் இஸ்திரி. மேலே போட்டால் அத்தனை மொட்டும் சப்பட்டை. இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. அரைகுறையாய்க் காய்ந்ததை அலமாரியில் அடுக்கினால் கரிம்பன் என்கிற கறுப்புப் பூஞ்சைப் புள்ளி பிடித்துவிடும், பிடித்தால் போகாது. மூன்றாவது கைப்பிடித் துணி பிறந்தது அப்படித்தான்.

விற்கலாமே என்பார்கள். ஒரு பட்டைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம் ஆகிறது. யார் என்ன விலை தருவார்கள்?

ஆறு வருஷமாகத் தீராத வழக்கு அம்மையோடுதான். “எதுக்கு பிள்ளே இப்பிடி கண்ணக் கெடுக்கே” என்பாள், ஆனால் பிச்சி போட்டதை அவள் கட்டிலுக்கென்று எடுத்துக்கொள்வாள். எடுத்து, அதன் மேல் பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை விரித்துத்தான் தலை வைப்பாள். பூ அழுக்காகக் கூடாதாம். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. போன மாசி மாதம் ஒரு புதுத் துவர்த்து வாங்கி, அதன் இரண்டு முனையிலும் பிச்சிச் சரம் தைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா இருக்கு மக்கா” என்றாள். மடித்து, அந்தக் கிளிகளோடு பெட்டியில் வைத்துவிட்டு, பழைய துவர்த்தை எடுத்து விரித்தாள்.