இரவலா, வாடகையா, சொந்தமா: பந்தய கிளப்புக்கு எந்தத் தடம்?

கார்ப் பைத்தியம் பிடித்த நாலு பேர் சேர்ந்து பந்தய கிளப் ஆரம்பிப்பது பெரிய விஷயமில்லை. பெயர் வைத்து, டி-ஷர்ட் அடித்து, வாட்ஸப் குழுவும் தொடங்கிவிடலாம். அப்புறம்தான் கேள்வி வரும்: சரி, எங்கே ஓட்டுவது?

டயர், பெட்ரோல், எஞ்சின் வேலை எல்லாம் ஓட்டுபவரின் சொந்தச் செலவு. கிளப்பின் தலையில் விழுவது வேறு கணக்கு. தடம், ஆம்புலன்ஸ், மருத்துவர், காப்பீடு, நேரம் குறிக்கும் கருவி, கொடி பிடிக்கும் மார்ஷல்களின் சாப்பாடு. இதில் தடத்துக்கான ஏற்பாடு எப்படியோ அப்படித்தான் மற்றதெல்லாம் அமையும். இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், சொந்தமாகப் போடலாம். மூன்றையும் கிளப்புகள் செய்து பார்த்திருக்கின்றன.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் இரவல்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஊர் ஊராக விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அப்படிக் கிடந்த ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. வைக்கோல் கட்டு, பீப்பாய், கயிறு இருந்தால் ஓடுதளம் பந்தயத் தடமாகிவிடும். திங்கட்கிழமை பார்த்தால் அங்கே பந்தயம் நடந்த சுவடே இருக்காது. பராமரிப்புச் செலவு இல்லை, நிலவரி இல்லை, காவலாளி சம்பளமும் இல்லை.

அமெரிக்காவில் இதே இரவல் இன்னும் ஆடம்பரமாக நடந்தது. 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவுக்கு, ஊர்ச் சாலையில் பந்தயம் விடுவது 1952-இல் பெரும் தலைவலியானது. வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் சாலையோரம் நின்ற கூட்டத்தைக் கார் உரச, ஒரு சிறுவன் இறந்துபோனான். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் ஜெனரல் கர்ட்டிஸ் லெமே. குண்டுவீச்சு விமானப் படையின் தலைவர், தானும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர். தன் விமானத் தளங்களைக் கிளப்புக்குத் திறந்துவிட்டார். டிக்கெட் வருமானம் வீரர்களின் தங்கும் வசதிக்குப் போனது. அகலமான ஓடுதளம், கூட்டத்தை ஒழுங்குபடுத்த ராணுவ ஆட்கள். ஒரு கிளப்புக்கு வேறென்ன வேண்டும்? ராணுவச் சொத்தில் தனியார் பந்தயமா என்று வாஷிங்டனில் கேள்வி எழுந்ததும், 1954-உடன் எல்லாம் முடிந்தது.

இரவலின் குணம் இதுதான். செலவு குறைவு, ஆனால் ஒரு கடிதமோ ஒரு விபத்தோ போதும், கதவு மூடிவிடும். இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டி 1934 முதல் பேர்பெற்றது; மலைச்சாலையைச் சில மணி நேரம் அடைத்தால் போதும், தனித்தடம் தேவையில்லை. ஒவ்வொரு காராக நேரம் பார்த்து அனுப்புவதால் கார்கள் ஒன்றோடொன்று மோதும் பயமும் இல்லை. பார்வையாளர் நிற்கும் இடம்தான் பயம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தைவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். வேலிக்கும் மார்ஷலுக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

வாடகைக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் 750 மோட்டார் கிளப். ஆஸ்டின் செவன் என்ற குட்டி காரின் ரசிகர்கள் 1939-இல் தொடங்கியது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கைப்பழகியது இந்த கிளப்பின் பந்தயங்களில்தான். சொந்தத் தடம் கிடையாது. சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், டோனிங்டன் என்று நாள் வாடகைக்கு எடுத்தே காலம் ஓட்டியிருக்கிறது. தார் பெயர்ந்தால் அது தடத்துக்காரர் பிரச்சினை. ஆனால் பிராண்ட்ஸ் ஹாட்ச், ஔல்டன் பார்க், ஸ்னெட்டர்டன், கேட்வெல் பார்க் நான்கும் இன்று ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அவர்கள் வாடகையை ஏற்றினால் கிளப் எங்கே போய்ப் பேரம் பேசும்? நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் யாருக்குப் போகும் என்பதையும் தடத்துக்காரர்தான் முடிவுசெய்வார்.

வாடகைக் கணக்கு எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். தடத்துக்கு ஒரு நாளைக்கு 3 லட்சம், மற்ற செலவு 2 லட்சம். 50 கார் வந்தால் தலைக்குப் பத்தாயிரம். 25 கார்தான் வந்தது என்றால் இருபதாயிரம். இருபதாயிரம் என்றதும் அடுத்த முறை 15 பேர்தான் வருவார்கள், நுழைவுக் கட்டணம் முப்பத்து மூவாயிரத்தைத் தாண்டும். கிளப்புகள் இப்படித்தான் சாகின்றன. செலவு ஏறி அல்ல, கார் எண்ணிக்கை இறங்கி.

அதனால் வாடகைக் கிளப்பின் சாமர்த்தியம் எல்லாம் தடத்தை நிரப்புவதில்தான். 750 கிளப்பின் ஆறு மணி நேர ரிலே பந்தயம் அதற்கு அருமையான வழி. ஒரு அணிக்குப் பல கார்கள். ஒருவர் ஓய்ந்து உள்ளே வந்தால் அடுத்தவர் கிளம்புவார். பழைய கார், புதிய கார், வேகமானது, மெதுவானது எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடும். ஒரு நாள் வாடகையை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பங்குபோடலாம். ஆளுக்கு ஒரு ஆஸ்டின் செவன் என்ற காலத்திலேயே இதை யோசித்திருக்கிறார்கள்.

சொந்தத் தடம் என்றால் நமக்கு இருங்காட்டுக்கோட்டைதான். இரவல் ஓடுதளத்தை எத்தனை நாள் நம்புவது என்று மெட்ராஸ் கிளப் சொந்த இடம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 3.7 கிலோமீட்டர் தடம் போட்டு 1990-இல் திறந்தது. அரசோ பெரிய நிறுவனமோ அல்ல, ஒரு கிளப் செய்த வேலை இது. அந்தக் காலத்தில் வாடகைக்கு எடுக்க இந்தியாவில் வேறு நிரந்தரத் தடம் ஏது? கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே வந்ததே 2003-இல். அந்த வகையில் மெட்ராஸ் கிளப் எடுத்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் தடம் கைக்கு வந்த நாளிலிருந்து கிளப் வேறு பிராணியாகிவிடுகிறது. பந்தயம் வருடத்தில் சில வாரஇறுதிகள்தான். மீதி நாளெல்லாம் தார், வடிகால், புல், வேலி, தடுப்புச்சுவர், மின்கட்டணம் என்று செலவு ஓடும். அதைச் சமாளிக்க கார், பைக் நிறுவனங்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் தடத்தை வாடகைக்கு விட வேண்டும். அப்படியானால் கமிட்டியில் பந்தயக்காரர் மட்டும் போதாது, கணக்குப்பிள்ளையும் வக்கீலும் வேண்டும். தடம் போட்டபோது பொட்டல் காடாக இருந்த இருங்காட்டுக்கோட்டையில் 1990களிலேயே ஹூண்டாய் ஆலை வந்து சேர்ந்தது. நிலத்தின் மதிப்பு ஏறுவது கணக்கில் நன்றாக இருக்கும். விற்காதவரை அந்தப் பணத்தில் ஒரு டயர்கூட வாங்க முடியாது. பக்கத்தில் வீடுகள் பெருகினால் சத்தத்துக்குப் புகார் வரும். இங்கிலாந்தில் த்ரக்ஸ்டன் தடத்தை 1968 முதல் நடத்திவரும் பிரிட்டிஷ் ஆட்டோமொபைல் ரேசிங் கிளப்பால் சத்தக் கட்டுப்பாடு காரணமாக ஆண்டில் சில நாட்கள்தான் பந்தயம் விட முடிகிறது. இத்தனைக்கும் தடத்தின் சாவி கிளப்பிடம்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தைக் காட்டி, அதுபோல நகரச் சாலையில் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 3.5 கிலோமீட்டர் தடத்துக்கு அரசு, ஸ்பான்சர், தடுப்புச்சுவர், விளக்கு என்று ஊரே திரள வேண்டியிருந்தது. அமெச்சூர் கிளப்புக்கு அது ஒத்துவராது, விட்டுவிடலாம்.

தடத்துக்கு அடுத்தபடியாகக் கிளப்பின் கையில் இருக்கும் ஒரே பிடி, விதிப்புத்தகம். கோவைப் பந்தயக்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தபோது, பந்தயம் முதல்முறையாகச் சாதாரண ஆட்களுக்கு எட்டியது. எஞ்சின் பழுதானால் தெருமுனை மெக்கானிக் கடையில் பாகம் கிடைக்கும். இன்ன எஞ்சின், இன்ன டயர் என்று கிளப் கட்டிப்போட்டால் கார் எண்ணிக்கை ஏறும். கட்டுப்பாடில்லாமல் விட்டால் பணக்காரர் இருவர் மட்டும் மிஞ்சுவார்கள், அவர்களும் ஒருவரையொருவர் புகார் செய்துகொண்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால், நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடம் வாடகைக்குக் கிடைக்கும் என்றால் சொந்த நிலம் பற்றிப் பேசவே வேண்டாம். கையிருப்பை மார்ஷல் பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் போடுங்கள். தேதியைத் தடத்துக்காரரிடம் உறுதிசெய்யும் முன் ஓட்டுநர்களிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிவிடுங்கள். வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கட்டியவர் 40-ஐத் தொடவில்லையா, பக்கத்து ஊர்க் கிளப்பைக் கூப்பிட்டு அந்த நாளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.