முப்பது நொடிப் பொறுமை: டிஸ்க் டைம்அவுட்டோடு நாலு வருஷம்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரை 2021-லிருந்து பார்த்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் இரண்டு, சாஃப்ட்வேர் ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் ஏற்பாடு). பெட்டி இருப்பது கடைக்குப் பின்னால் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில்.

முதல் வருஷமே மூன்று தடவை ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுகொண்டது, மூன்றும் மாசத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில். கடைக்கார அண்ணன், "வெக்கைதான் தம்பி, ஒரு ஏசி போட்ருவோமா?" என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சித்திரையிலும் கால் வைத்தால் சில்லென்றிருக்கும், அங்கே வெக்கை எங்கிருந்து வரும்? ஆனாலும் முதல் தடவை நானும் டிஸ்க் போய்விட்டதென்று புதுசு வாங்கி மாட்டினேன். கழற்றியதை வீட்டில் சோதித்தால் நன்றாகவே ஓடுகிறது.

டெபியன் ரெய்டு முழுவதையும் சரிபார்ப்பது மாசத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில்தான். அப்போது படிக்கச் சிரமமான ஒரு செக்டர் (டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு) மாட்டினால் டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று, இரண்டு நிமிஷம்கூட விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் மையமான கெர்னலோ 30 நொடிதான் பதிலுக்குப் பார்க்கும் (இதுதான் டைம்அவுட்), அப்புறம் இணைப்பை ரீசெட் செய்யும், டிஸ்க் அப்போதும் வாய் திறக்காது, செத்துவிட்டதென்று ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். அதே டிஸ்க் "என்னால் படிக்க முடியவில்லை" என்று சட்டென்று சொல்லியிருந்தால், இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்த இடத்தில் திரும்ப எழுதி ரெய்டே சரிசெய்திருக்கும்.

ஆகவே கெர்னல் காத்திருக்கும் நேரம், டிஸ்க் விடாமல் முயலும் நேரம், இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். கெர்னலுடையது சிஸ் கோப்பகத்தில், பிளாக், எஸ்டிஏ (டிஸ்க்கின் பெயர்), டிவைஸ் என்று உள்ளே போனால் டைம்அவுட் என்ற கோப்பில் இருக்கும். டிஸ்க்குடையதை, டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடி இஆர்சி (எத்தனை நேரம் முயன்று கைவிடும் என்ற அமைப்பு) என்று கேட்க வேண்டும். 70 என்று வந்தால் 7 நொடி, நிம்மதி. என்னுடையவற்றில் அந்த வசதியே இல்லை என்று பதில் வந்தது, அதனால் டிஸ்க் முயன்று முடிக்கும்வரை காத்திருக்கட்டும் என்று கெர்னல் பக்கம் 180 நொடி ஆக்கினேன்.

ஏழெட்டு மாசம் சத்தமில்லை. ஒரு நாள் கரண்டு போய் யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து சர்வர் அணைந்து எழுந்தது. அடுத்த முதல் ஞாயிறு, மறுபடி டிஸ்க் வெளியே! நான் கையால் எழுதிய 180 ரீபூட்டில் பழைய 30-க்கே போய்விட்டிருந்தது, வெட்கக்கேடு. அன்றைக்கே யூடெவ் விதி (பூட்டாகும்போது டிஸ்க்குக்கு அமைப்பைத் தானாகப் போடுவது) எழுதிவைத்தேன். இஆர்சி உள்ள டிஸ்க்காக இருந்தாலும் பலவற்றில் பவர் போனால் அந்த அமைப்பும் போய்விடும், அதையும் பூட்டில் போட வேண்டும்.

180-க்கு விலை உண்டு. டிஸ்க் நிஜமாகவே தடுமாறினால் பில் போடுகிற திரை மூன்று நிமிஷம், ரீட்ரை சேர்ந்தால் அதற்கு மேலும், அப்படியே உறைந்து நிற்கும். தீபாவளி நேரத்தில் அப்படி ஒரு தடவை நின்று, ஆச்சிமார்கள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்க, அண்ணன் எனக்குப் போன் போட, நான் "தொடாதீங்கண்ணே, தானா வரும்" என்று வியர்த்துக்கொண்டு சொல்ல, ஒரு வழியாக வந்தது. அதற்கப்புறம் இஆர்சி வசதியுள்ள நாஸ் டிஸ்க் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கானது) இரண்டு வாங்கிவிட்டோம். இப்போது டிஸ்க் 7, கெர்னல் பழையபடி 30.

வேறு யூனிக்ஸ் வைத்திருப்பவர்கள் ஏஐஎக்ஸில் எல்எஸ்ஆட்டர் கொடுத்து ஆர்டபிள்யூ டைம்அவுட்டையும், சோலாரிஸில் எஸ்டி ஐஓ டைமையும் பாருங்கள், சோலாரிஸில் தானாகவே 60 இருக்கும். விஎம்வேரில் (ஒரு கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் லினக்ஸில் விஎம்வேர் டூல்ஸே 180 வைத்துவிடும், அதைக் குறைக்கப் போகாதீர்கள்.

அநியாயமாகக் கழற்றிய அந்த முதல் டிஸ்க் இன்னும் என் மேஜையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.