ஜிம்மில் விற்கும் ‘ஹெர்பல்’ கிரீம்: ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

கோயம்புத்தூரில் நான் போய்க்கொண்டிருந்த ஜிம்மில் நடந்தது இது. வேறு ஊர்களிலும் இதே வியாபாரம் நடக்கிறதாம், அதனால்தான் எழுதுகிறேன்.

பெஞ்ச் பிரஸ்ஸில் எடை கூட்டி, உடம்பும் மளமளவென்று ஏறிய சமயம். தோளும் மார்பும் சேரும் இடத்தில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள் விழுந்தன, ஸ்ட்ரெட்ச் மார்க் என்பார்களே, அதுதான். பளு தூக்குகிற பசங்களில் பலருக்கும் வருவதுதான். தசை வேகமாகப் பெருக்கும்போது தோலின் நடு அடுக்கிலுள்ள நார்கள் ஈடுகொடுக்க முடியாமல் அறுந்துபோகின்றன. முதலில் சிவப்பு, போகப்போக வெள்ளை. பார்க்க நன்றாக இருக்காதே தவிர ஆபத்து கிடையாது.

மாஸ்டர் விடவில்லை. “தம்பி, இப்படியே விட்டா கையில்லாத பனியன் போட முடியாது. நம்மகிட்ட ஹெர்பல் கிரீம் இருக்கு, ஒரே மாசத்துல காணாமப் போயிடும்” என்றார். சின்ன டியூப், 1,200 ரூபாய். பில் கிடையாது, ஜிபே மட்டும். டியூப்பைச் சுற்றிப் பச்சை ஸ்டிக்கர், அதில் கற்றாழைப் படம்.

முதலில் சிவப்பு மங்கியது உண்மை. அப்புறம் அந்த இடத்தில் தோல் மெலிந்து, அடியில் ரத்தக் குழாய் நீலமாகத் தெரிந்தது. பழைய கோடே இல்லாத அக்குளுக்குள் அகல அகலமாகப் புதுக் கோடுகள். மாஸ்டரிடம் காட்டினால், “மருந்து வேலை செய்யுது தம்பி, இன்னொரு டியூப் போடு” என்கிறார்!

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “என்ன தடவுறீங்க?” என்பதுதான். டியூப்பைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தார். அடியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு (டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்து என்பதற்கான அடையாளம்), பக்கத்தில் ‘குளோபெட்டசால்’ என்ற பெயர். பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. சொரியாசிஸ் மாதிரி தோல் நோய்களுக்குக்கூட வழக்கமாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடச் சொல்ல மாட்டார்களாம். முகம், அக்குள், தொடை இடுக்கில் தடவவே கூடாதாம். சிவப்பு மங்கியதற்குக் காரணம் அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான். தோல் மெலிவதும் ஸ்ட்ரெட்ச் மார்க் விழுவதும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். அதாவது, கோட்டுக்கு மருந்தென்று கோடு போடுகிற மருந்தையே விற்றிருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில்கூட விற்கக் கூடாத சரக்கு, ஜிம் மேஜை டிராயரில் புரோட்டீன் டப்பாக்களோடு கிடக்கிறது.

கோடு சிவப்பாக இருக்கும்போதே போனால் டிரெட்டினாயின் என்ற பூச்சு மருந்து, லேசர் என்று சில வழிகள் உண்டு. வெளுத்த பிறகு மைக்ரோ நீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை), வேறு வகை லேசர். எல்லாமே மங்க வைக்கும், அடியோடு அழிக்காது. இதை டாக்டரே முதலில் சொல்லிவிட்டுத்தான் கட்டணத்தைச் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மாஸ்டர், “நான் எங்க வித்தேன்? பில் காட்டு” என்றார். சரி என்று ஜிபே ஸ்கிரீன்ஷாட், உரித்த ஸ்டிக்கர், டியூப் மூன்றோடும் மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பண விஷயத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. உங்களிடமும் இப்படி ஒரு டியூப் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.